என் எழுத்து போட்ட கிழங்கு

நைனா என்னை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் அடித்தார். அதுவும் ஓர் உருளைக்கிழங்குக்காக. கிழங்கு என்னுடையது, நான் சொன்னது உண்மை, அடி மட்டும் எனக்கு. பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது, நைனாவும் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. ஆனாலும் இதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நைனாவுக்குச் செஞ்சியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க் வேலை. அலுவலகத்துக்குப் பின்னால் வரிசையாக ஐந்து வீடுகள். முதல் நான்கும் கிளார்க்குகளுக்கு, கடைசியில் இருந்த ஒற்றை அறை வாட்ச்மேனுக்கு. அந்த அறையில் வாட்ச்மேனும் அவர் மனைவியும் நான்கு பிள்ளைகளும் எப்படிப் படுத்தார்கள் என்று நான் யோசித்ததேயில்லை. வீடுகளுக்குப் பின்னால் செஞ்சிக் கோட்டை மலைகளில் ஒன்றான கிருஷ்ணகிரியின் பாறை ஆரம்பிக்கிற வரைக்கும் கொஞ்சம் கரம்பு நிலம் கிடந்தது. ஆடு மேயும், நாங்கள் பாண்டி ஆடுவோம்.

ரேஷனில் அரிசி கிடைக்காத காலம். ஒரு சாண் நிலத்தைக்கூடச் சும்மா விடக்கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் கரம்பை ஐந்தாகப் பிரித்துக் கல் நட்டு, வீட்டுக்கு ஒரு பாத்தி என்று முத்திரை குத்திய அலாட்மென்ட் காகிதம் கொடுத்தார்கள். நைனா அதை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். வாட்ச்மேன் வீட்டில் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். காகிதத்துக்குப் பொட்டு வேறு வைத்திருந்தார்கள் என்று நாங்கள் பிள்ளைகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

கத்தரி, வெண்டை என்று போட்டிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. ஆனால் எங்கோ குளிர்ந்த மலைப் பகுதியிலிருந்து விதை உருளைக்கிழங்கு மூட்டையோடு ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். அம்மா அவருக்கு உருளைக்கிழங்கு ஆபீசர் என்று பெயர் வைத்தாள். சமவெளியிலும் குளிர்காலத்தில் கிழங்கு விளையும் என்று அவர் நிரூபிக்கப் போகிறாராம். ஐப்பசி முடிவதற்குள் நட்டாக வேண்டும், மாசி பிறக்கும்போது வந்து தோண்டி எடை போடுவார், கிழங்கு காட்டாத பாத்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டு அங்கே சைக்கிள் ஷெட் கட்டிவிடுவார்கள். இவ்வளவையும் அவர் ஒரு காகிதத்தைப் பார்த்துப் படித்தார்.

பின்னால் நின்றிருந்த வாட்ச்மேன் மெதுவாகச் சொன்னார், "இப்ப வெச்சா கெழங்கு அழுவிடும் சார். தீவம் போயி மழ வுட்டப்புறம் வெச்சாதான் நிக்கும்."

"உனக்கு எத்தனை ஏக்கர் நிலம் இருக்குது?" என்று ஆபீசர் கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் நட்டு அறுத்த குடும்பம் அது. அந்தப் பாத்தி கிடைக்கும் வரை சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஒரு பிடி மண் அவர்களுக்குக் கிடையாது. வாட்ச்மேன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் பாத்திக்கு நேரம் ஒதுக்க ஆளில்லை. நைனா என்னைக் கூப்பிட்டு, "இது உன் பாத்தி. நீதான் தண்ணி ஊத்தணும், நீதான் பாத்துக்கணும்" என்றார். இந்த வார்த்தைகளை ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். பின்னால் நடந்ததற்கு இதுதான் சாட்சி.

எல்லோரும் கிழங்கைத் துண்டுபோட்டுச் சாம்பல் தடவி நட்ட அதே வாரம் எனக்கு அம்மை வார்த்தது. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. தாளிப்பு நின்றது, வெளியார் வருவது நின்றது. அம்மா இறங்குகிற வரைக்கும் வீட்டில் கத்தி வைக்கக் கூடாது, மண்வெட்டியால் மண்ணைக் கொத்தக் கூடாது என்று என் அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். எனக்கு இறங்கியதும் தம்பிக்கு வார்த்தது. ஒரு மாதம் போல வீடே படுத்துக் கிடந்தது. தினமும் காலையில் புது வேப்பங்கொத்து ஒடித்து வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனது வாட்ச்மேன் மனைவி மட்டும்தான். மற்றவர்கள் எங்கள் வீட்டைக் கடக்கும்போது எதிர்ப்பக்கம் போய் நடந்தார்கள்.

என் விதைக்கிழங்கு கட்டிலுக்கு அடியில் கோணிப்பையில் கிடந்தது. படுத்தபடியே கையை விட்டுத் தடவிப் பார்ப்பேன். குட்டை குட்டையாக முளை வந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து ஆபீசர் நடவைச் சரிபார்க்க வந்தார். வேப்பிலையைப் பார்த்ததும் தெருவிலேயே நின்று மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். அங்கிருந்தபடியே நைனாவைத் திட்டினார். மற்றவர்கள் எல்லோரும் நட்டுவிட்டார்கள், உமக்கு மட்டும் தனிச் சட்டமா என்றார். "வூட்ல கொழந்தைங்களுக்கு அம்மா வார்த்திருக்குது சார்" என்று நைனா சொன்னது எனக்கு உள்ளே கேட்டது. உள்ளே வந்து கூஜாவிலிருந்து தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பேசாமல் இருப்பதில் நைனாவை மிஞ்ச ஆளில்லை.

அதன் பிறகு மழை பிடித்தது. நாலு நாள் விடவில்லை. பாறையிலிருந்து உருண்டு வந்த தண்ணீரெல்லாம் நேராகப் பாத்திகளில் இறங்கி நின்றது. மழை விட்டபோது நான்கு பாத்தியிலும் கிழங்கு அழுகி, ஜன்னலைத் திறந்தால் நாற்றம் குடலைப் பிடுங்கியது. என் பாத்திதான் காலி.

தம்பிக்கு மூன்றாவது தண்ணீர் ஊற்றியதும் கார்த்திகை தீபமும் வந்துபோனது. அதற்கடுத்த நாள் நானும் நைனாவும் நட்டோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரப்பில் நின்று "சோம்பேறிப் பாத்தி" என்று கேலி பண்ணினார்கள். பதினைந்து நாளில் என் பாத்தி பச்சென்று எழுந்தபோது அவர்களில் ஒருவரையும் அந்தப் பக்கம் காணவில்லை. நான் கிணற்றிலிருந்து தகர டப்பாவில் தண்ணீர் சுமந்தேன். அழுதுகொண்டு சுமந்த நாளும் உண்டு. அம்மையால் வந்த பாக்கியம் இது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். முழுக்க முழுக்க என் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நான் நம்பினேன்.

தை மாதத்தில் பொறுமை போய்விட்டது. யாரும் இல்லாத சமயம் பார்த்து ஒரு செடியின் பக்கவாட்டில் மண்ணை விரலால் விலக்கினேன். எலுமிச்சங்காய் அளவில் ஒரு கிழங்கு. தோல் அப்படியொரு மெல்லிசு. கருவேல முள் ஒன்றை எடுத்து என் பெயரின் முதல் எழுத்தை அதன்மேல் கீறிவிட்டு மண்ணை மூடினேன். மறுநாள் இன்னும் இரண்டுக்குக் கீறினேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கிழங்கு பருத்திருந்தது, கீறல் ஆறித் தழும்பாகி எழுத்தும் கூடவே பெரிதாகியிருந்தது. விரல் விட்டுத் துழாவியதில் முப்பதுக்குக் குறையாமல் எண்ணியிருந்தேன்.

மாசி பிறந்து ஆபீசர் தராசோடு வந்தார். நான் நல்ல பாவாடை கட்டிக்கொண்டு போய் நின்றேன். முதல் பாத்தி எங்கள் பக்கத்து வீட்டுக் கிளார்க்குடையது. அழுகி நாறியதை என் மூக்காலேயே முகர்ந்திருக்கிறேன். அதிலிருந்து கூடைக் கிழங்கு வந்தது. எல்லாம் ஒரே அளவு, ஈரமே படாத மாதிரி வறண்ட தோல். தழையைக் காணோமே என்று ஆபீசர் கேட்டதற்கு, நீங்கள் சொன்னபடி ஒரு வாரம் முன்பே அறுத்துவிட்டோம் சார் என்றார் கிளார்க். ஆபீசருக்கு முகமெல்லாம் பல். மூன்று கிளார்க்குகளும் திண்டிவனம் மார்க்கெட்டில் கிழங்கு வாங்கி வந்து புதைத்திருந்த விஷயம் ரொம்ப நாள் கழித்துத்தான் எங்கள் வீட்டில் பேச்சில் வந்தது.

அடுத்தது என் பாத்தி. நைனா தோண்டினார். பதினொன்று. அவ்வளவுதான். செடியெல்லாம் நின்றபடி நிற்கிறது, அடியில் கிழங்கில்லை. பெருச்சாளிதான் கொண்டுபோய்விட்டது என்று நினைத்தேன். நைனாவைப் பார்த்தேன். அவர் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் வாட்ச்மேன் பாத்தி. அங்கே ஒரு முளைகூட எழும்பாததை நான் தினமும் பார்த்தவள். மார்க்கெட்டில் வாங்கிப் புதைக்க அவர்களிடம் காசு ஏது. வாட்ச்மேன் மனைவி மண்டியிட்டு உட்கார்ந்து கையாலேயே மண்ணை விலக்கினாள். ஒன்று வந்தது, இரண்டு வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஆபீசர் ஒன்றைக் கையில் எடுத்து மண்ணைத் தட்டினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா இது, எழுத்து மாதிரி இருக்குது?"

நான் இரண்டே எட்டில் போய் நின்றேன். "அது என்னுது. எங்க பாத்தியில இருந்துச்சு. நான்தான் எழுதினேன்."

மூன்று கிளார்க்குகளும் மலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வாட்ச்மேன் மனைவியின் இரண்டு கையும் மண்ணுக்குள் இருந்தன, அவள் அவற்றை வெளியே எடுக்கவேயில்லை. நைனா வந்தார். என் பக்கம் பேசத்தான் வருகிறார் என்று நான் நம்பி நின்றேன்.

கன்னத்தில் ஓங்கி ஓர் அறை.

"எல்லார் பாத்தியிலும் பூந்து கிறுக்கி வெக்கிது சார். செவுரு, பலக, ஒண்ணு வுடறதில்ல" என்றார்.

ஆபீசர் சிரித்துவிட்டு எடை போட்டார். ஐந்து பாத்தியும் வெற்றி என்று எழுதிக்கொண்டார். கண்காட்சிக்கு வேண்டுமென்று கிழங்கு முழுவதையும் ஜீப்பில் ஏற்றினார்கள். ஒரு வீட்டிலும் ஒரு கிழங்கு வேகவில்லை.

என் கிழங்கைத் திருடியது போதாதென்று, நானே திருட்டுத்தனமாக அடுத்தவர் பாத்தியில் புகுந்தேன் என்று ஒரு பழி. அதுவும் யார் வாயிலிருந்து. நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது பட்டப்பகலில், செடி சாயாமல் பக்கவாட்டில் விலக்கி எடுத்து, ஐந்தாவது பாத்தியில் கொண்டுபோய்ப் புதைத்தவர் நைனாதான் என்பது கன்னத்தில் அந்த அடி விழுந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, "ஏன் குடுத்த, அது என் பாத்தின்னு நீதானே சொன்ன" என்று கத்தினேன். நைனா வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். என் கன்னத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனார். அம்மாவும் என்னைத்தான் அடக்கினாள்.

சாயங்காலம் வாட்ச்மேன் மனைவி வந்தாள். உள்ளே வராமல் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள். மடியைப் பிரித்து ஒரு கிழங்கை எடுத்து என் கையில் வைத்தாள். என் எழுத்து போட்ட கிழங்கு. ஜீப்பில் ஏற்றும்போது ஒளித்து வைத்திருக்கிறாள்.

நான் இளகவில்லை. "மீதி எங்க?" என்றேன்.

"வர்ற வருசம் தரேன் பாப்பா."

வர்ற வருசம் என்பது பெரியவர்கள் பிள்ளைகளை ஏமாற்றச் சொல்கிற வார்த்தை என்று எனக்குத் தெரியாதா. "வர்ற வருசம் எந்த மாசம்?" என்று அதட்டினேன்.

அவள் மலைப் பக்கம் திரும்பித் தன் பாத்தியைப் பார்த்தாள். "தீவம் போவட்டும். மழ வுட்டப்புறம், நாங்க எப்ப வெக்கணும்னு நெனைக்கிறமோ அப்ப வெப்போம்" என்றாள். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. என்னை அடித்ததற்கு இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

அந்த ஆனியில் நைனாவுக்கு மாற்றலாகிவிட்டது. அடுத்த கார்த்திகையை நான் செஞ்சியில் பார்க்கவில்லை. மீதிக் கிழங்கும் வரவில்லை. எப்போது நட வேண்டும், எப்போது அறுக்க வேண்டும் என்று யாரோ சொல்லச் சொல்லக் கேட்டே பழகிய வீட்டில் ஒருத்தி, ஒரு துண்டு மண்ணைப் பார்த்து, நாங்கள் நினைக்கும்போது வைப்போம் என்று முதன்முதலாகச் சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கு அந்தப் பாத்தி மிஞ்ச வேண்டியிருந்தது. ஒன்பது வயதில் எனக்கு அது புரியவில்லை. நான் கிழங்கைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "இன்னும் நெறைய இருக்குது, ஞாபகம் வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.