கழுத்து சொன்ன பதில்

என் கழுத்து ஒருநாளும் என்னைக் கேட்டுக்கொண்டு திரும்பியதில்லை. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, ஒரு மழைக்காலத்தில், அது தானாக இடப்பக்கம் வெட்ட ஆரம்பித்தது. கூடவே கண் இமை படபடவென்று கொட்டியது. கொஞ்ச நாளில் தொண்டையும் கூட்டுச் சேர்ந்துகொண்டு ‘க்கூ’ என்று ஒரு சத்தம் போடப் பழகிவிட்டது. அதற்கு டூரெட் என்று ஒரு பெயர் இருப்பது நான் கிழவியான பிறகு ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய கூலி வீடுகளில், அதற்கு அப்பா வைத்த பெயர் சேட்டை. மருந்து, முதுகில் நாலு போடுவது.

தும்மல் வருவதற்கு முன்னால் மூக்குக்குள் ஒரு நமைச்சல் வருமே, அப்படித்தான் அதுவும் வரும். கொஞ்ச நேரம் அடக்கலாம். விடிந்தும் விடியாமலும் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், துரை வந்து நிற்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கியிருக்கிறேன். அடக்கியதை எங்கேயாவது போய்க் கொட்டித் தீர்க்க வேண்டுமே! அதற்குத்தான் எனக்கு மூடுபனி வாய்த்தது. பனி இறங்கிவிட்டால் பக்கத்து நிரையில் நிற்கிறவள்கூடத் தெரியமாட்டாள். பேச்சும் சிரிப்பும் மட்டும் எங்கிருந்தோ மிதந்து வரும். அந்த வெள்ளைக்குள் நான் என் இஷ்டத்துக்கு வெட்டுவேன், கூவுவேன். ஏதோ குருவி கத்துகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்கு உடம்பே இல்லாததுபோல ஆகிவிடும். செடியும் பாறையும் நானும் ஒரே ஈரமாக நின்றுகொண்டிருப்போம். அதெல்லாம் நடந்ததா, கண்ட கனவா என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு அதிசயமும் உண்டு. கை கொழுந்தில் விழுந்து வேகம் பிடித்துவிட்டால் கழுத்து அடங்கிவிடும். விரல்கள் தாமாகக் கிள்ளும், தாமாக முதுகுக் கூடைக்குள் போடும். கூடைக் கயிறு நெற்றியை அழுத்தும் அந்தச் சுகமான வலியில் கண் பாதி மூடிக்கொள்ளும். தூங்கும்போதும் கொழுந்து எடுக்கும்போதும் மட்டும் நானும் மற்றவர்களைப் போல ஒரு பெண்ணாக இருந்தேன்.

எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது வந்த மாரியம்மன் திருவிழாவில்தான் எல்லாம் தலைகீழானது. தப்பு மேளம் அடித்தால் எனக்கு ஆகாது. அந்த அடி காதில் விழாது, நேராக வயிற்றில் விழும். அன்று காலையில் கோயில் முன்னால் நெருக்கிக்கொண்டு நின்றபோது கழுத்து, கண், தொண்டை மூன்றும் ஒன்றாகக் கிளம்பிவிட்டன. அடக்க அடக்க அதிகமாயிற்று. பூசாரி ஓடி வந்தார். மற்ற நாட்களில் எங்கள் தோட்டத்திலேயே கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடி வெட்டுகிறவர்தான் அவர். ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை என் தலையில் கவிழ்த்துவிட்டு, “ஆத்தா வந்துட்டாடா! பச்சப் புள்ள மேல எறங்கிட்டாடா!” என்று கத்தினார். பெண்கள் குலவை போட்டார்கள். முதல்நாள்வரை என்னை விளாசிய அப்பா என் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நான் குளிரில் நடுங்கிக்கொண்டு அவருடைய உச்சந்தலையைப் பார்த்தேன். அதற்கு முன்னால் நான் அதைப் பார்த்ததே இல்லை.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில், வேலை விட்டதும், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் இஸ்தோப்பில், அந்த வாசல் திண்ணையில், என்னை உட்கார வைத்துக் குறி கேட்க ஆரம்பித்தார்கள். பூசாரி அதற்கு ஒரு சட்டமும் போட்டார். கழுத்து இடப்பக்கம் வெட்டினால் ஆத்தா வேண்டாம் என்கிறாள். ‘க்கூ’ என்றால் ஆகட்டும் என்கிறாள். பெண் கொடுக்கலாமா, பசுவை விற்கலாமா, கப்பலேறிச் சொந்த ஊருக்கே போய்விடலாமா என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். கழுத்துக்கு வெட்டுவதுதான் அதிகம் பிடிக்கும். என் கழுத்தால் அந்தத் தோட்டத்தில் எத்தனை கல்யாணம் நின்றுபோயிற்றோ, அந்த ஆத்தாவுக்கே வெளிச்சம்.

எனக்கு அது பிடித்திருந்தது. ஏன் பிடிக்காது? வாழைப்பழம் வந்தது, வெல்லம் வந்தது. ‘கொக்கு, கொக்கு’ என்று பின்னால் கழுத்தை ஆட்டிக்கொண்டு வந்த பிள்ளைகள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். இதை யார் தலையில் கட்டுவது என்று அடுப்படியில் அழுதுகொண்டிருந்த அம்மா, எனக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிடும்போது மெல்லப் பாடினாள். சூடப் புகைக்கு நடுவே, கும்பிட்ட கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எனக்கே தலை சுற்றும். ஒருவேளை உள்ளே ஒருத்தி இருக்கிறாளோ, அவள்தான் என் கழுத்தைப் பிடித்துத் திருப்புகிறாளோ என்று பாதி நம்பினேன்.

ஆனால் பூசாரி இன்னொன்றும் சொல்லிவிட்டார். ஆத்தா கூடை தூக்கக் கூடாதாம். கொழுந்து மலைக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். காலையில் பெண்கள் ஒவ்வொருவராகப் பனிக்குள் ஏறி மறைவதைப் பார்த்துக்கொண்டு இஸ்தோப்பில் சும்மா உட்கார்ந்திருப்பேன். கைக்கு வேலை இல்லாத கழுத்து நாள் முழுக்க வெட்டிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் தோள்வரை வலிக்கும். சாமிக்கும் வலிக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

பக்கத்துக் காம்பராவில் ஒரு அத்தை இருந்தாள். உறவில் அத்தை இல்லை, கூப்பிடுவது அப்படி. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பையன், நடக்கத் தொடங்கியிருந்தான். அவனுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் கட்டிக்கொண்டது. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா பார்த்துவிட்டு, உடனே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார். எங்கள் லயத்தில் அப்போது ஆஸ்பத்திரி என்றால் நடுக்கம். கடைசி நேரத்தில்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், போனது திரும்பாது, பழி ஆஸ்பத்திரிக்கு. அன்று வெள்ளிக்கிழமை. அத்தை பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“ஆத்தா, ஆசுபத்திரிக்குக் கொண்டு போகவா? நீயே சொல்லு தாயி.”

நமைச்சல் கிளம்பிவிட்டது. அடக்கினேன். துரைக்கு முன்னால்கூட அப்படி அடக்கியதில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. பிள்ளையின் மூச்சு கிர்ர், கிர்ர் என்று கேட்டது. சூடத்தின் மணம், வெளியே பனி, அத்தையின் முகம் எல்லாம் கரைந்து, அந்த மூச்சு மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் கழுத்து வெட்டியது. இடப்பக்கம்.

“வேணாங்கிறா. மஞ்சப் பத்துப் போட்டு வீட்டுலயே வையி” என்றார் பூசாரி.

அத்தையின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் நான் பயந்துபோனேன்.

“அத்தே, அது ஆத்தா இல்ல. என் கழுத்து.”

அம்மா என் பக்கத்தில் வந்து குனிந்து, காதோடு சொன்னாள்: “வாய மூடுடி. இத விட்டா ஒனக்கு வேற என்ன இருக்கு?”

அவள் சொன்னது சரிதான். எனக்கு வேறு ஒன்றும் இல்லை. பழைய அடியும் பழைய கொக்கும் வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றன. பூசாரி விபூதியை எடுத்தார். “புள்ள பயந்து உளறுது” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கும் எனக்குக் கைகொடுப்பது கோபம்தான்.

“அப்ப மாத்திக் கேளுங்க அத்தே. வீட்டுலயே வச்சுக்கவான்னு கேளுங்க.”

அவள் பூசாரியைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். “வீட்டுலயே வச்சுக்கவா ஆத்தா?”

கழுத்து இடப்பக்கம் வெட்டியது.

“இன்னொண்ணு கேளுங்க. இது என் புள்ளதானான்னு கேளுங்க.”

“என்னடி இது பேச்சு?”

“கேளுங்க அத்தே.”

கேட்டாள். நான் தள்ளவும் இல்லை, அடக்கவும் இல்லை. கழுத்து தன் பாட்டுக்கு இடப்பக்கம் வெட்டியது. ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக.

அத்தையின் முகம் சிவந்தது. “தவங்கெடந்து பெத்த புள்ளய என் புள்ள இல்லங்குதா? இதுவா ஆத்தா?” என்று எழுந்தாள். என்னை அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். கம்பளியை இழுத்துச் சுற்றிக்கொண்டு, பிள்ளையை மார்போடு அணைத்து, திரும்பிப் பாராமல் டிக்கோயா ரோட்டை நோக்கி நடந்தாள். அவள் புருஷன் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். இரண்டு பேரையும் பனி மூடிவிட்டது.

ஆத்தா மலையேறிவிட்டாள் என்று பூசாரி சொல்லிவிட்டார். நாங்களே மலை உச்சியில்தான் இருந்தோம். அவள் இன்னும் எந்த மலைக்கு ஏறினாளோ! வாழைப்பழம் நின்றது. கொக்கு திரும்பி வந்தது. அப்பா மட்டும் என்னை அடிக்கவில்லை. ஒருதரம் விழுந்து கும்பிட்ட காலுக்கு மேலே கை ஓங்க அவருக்கு வரவில்லை போலும். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒரு காலையில் கூடையை எடுத்து என் முன்னால் வைத்தாள். அவள் கண் வீங்கியிருந்தது. அவளுக்காக அழுகை வந்தது. கூடையைக் கண்டு சந்தோஷமும் வந்தது.

ஆனால் டிக்கோயாவிலிருந்து ஒரு சேதியும் இல்லை. பிள்ளை போய்விட்டால் எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள். அவர்களை விடுங்கள், அந்தக் கிர்ர் என்ற மூச்சு என்னைக் கேட்கும். கொழுந்தில் கை ஓடும்போதுகூடக் கழுத்து அடங்கவில்லை. அப்படி ஆனது அந்த நாட்களில் மட்டும்தான்.

பனி கனத்திருந்த ஒரு காலை, கீழே எங்கேயோ ஒரு குழந்தை சிரித்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கனவு என்றுதான் நினைத்தேன். வெள்ளைக்குள்ளிருந்து முதலில் ஒரு கம்பளி வந்தது, பிறகு அத்தை வந்தாள், இடுப்பில் மெலிந்துபோன பையன். என் நிரைக்கு வந்து நின்றாள். என் கழுத்து முந்திக்கொண்டு வெட்டியது. பையன் என்னை உற்றுப் பார்த்தான். பார்த்துவிட்டு, அவனும் கழுத்தை இடப்பக்கம் வெட்டினான்.

“ஐயய்யோ, ஒட்டிக்கிச்சுடி!” என்று பக்கத்து நிரையில் ஒருத்தி கத்தினாள்.

“ஒண்ணும் ஒட்டல” என்றாள் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அக்காவுக்கு வணக்கம் சொல்றான்.”

அன்றிலிருந்து அவன் வணக்கம் அதுதான். வளர்ந்து வேட்டி கட்டிய பிறகும், ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கண்டால் கழுத்தை ஒரு வெட்டு வெட்டிவிட்டுத்தான் போவான். அம்மா பயந்தபடியே என்னை யாரும் பெண் கேட்டு வரவில்லை. அத்தை கண்ணை மூடிய பிறகு அவன் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டான். எனக்கு உடம்புக்கு முடியாமல் போன ஒரு நாள், அதே டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அவன்தான் கூட்டிக்கொண்டு போனான். டூரெட் என்று பெயர் சொன்ன டாக்டர் அங்கே இருந்தவர்தான். துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டே, “இவரு உங்க மகனா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கழுத்து இடப்பக்கம் வெட்டியது. டாக்டர் சரி என்று தலையாட்டி எழுதப் போனார். அவன் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அத நம்பாதீங்க டாக்டர். நான் சின்னப் புள்ளயா இருக்கையிலயும் அது இப்புடித்தான் சொல்லிச்சு. மகன்னே எழுதிக்குங்க.”