லெட்சுமி வீட்டு உளவாளி

இரண்டு வாரத்துக்கு முன்பு, சனிக்கிழமை காலை. லெட்சுமி என் வீட்டு வாசலில் நின்றார். சுங்கைப் பட்டாணியில், எங்கள் தாமான் குடியிருப்பிலேயே நான்கு வீடு தள்ளி இருப்பவர். கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். உள்ளே வரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணே, எங்க கம்ப்யூட்டர யாரோ வேவு பாக்கறாங்க. வந்து செக் பண்ணுங்கலா."

எப்போதோ இந்தப் பத்தியில் கம்ப்யூட்டர் பற்றி எழுதியதற்குக் கிடைத்த தண்டனை!

விஷயம் இதுதான். மகள் கவிதாவுக்குக் கரங்கானில் மாப்பிள்ளை. எட்டு நாளில் நிச்சயதார்த்தம். பதினொரு சீர்த்தட்டு போதாது, இருபத்தொன்று வேண்டும் என்றார் சம்பந்தியம்மா. கோலாலம்பூரில் வேலை செய்யும் மகளுக்கு லெட்சுமி வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து வாட்ஸ்அப்பில் எழுதினார் - 'அந்தம்மாவுக்குக் கொஞ்சம் பேராசை.' இரண்டு நாள் கழித்துச் சம்பந்தியம்மா போன் செய்தார். ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, வைக்கும்போது, "பேராசையெல்லாம் எங்களுக்கு இல்லைங்க" என்றார்.

அதே சொல். தற்செயலாக இருக்குமோ? முந்திய வாரம் புடவை நிறமும் இப்படித்தான் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

லெட்சுமியிடம் குற்றவாளியின் பெயர் தயாராக இருந்தது. கணவரின் தங்கை வசந்தா. கோத்தா கோலா மூடாவில் இருக்கிறார். அந்தக் கம்ப்யூட்டரை வாங்கி, எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். பாஸ்வேர்டு வைத்தவரும் அவர்தான் - வீட்டுக் காரின் நம்பர். (கார் வாசலில் நிற்கிறது. தெருவே படிக்கலாம். அது வேறு கதை.) போன வருடம் தன் மகனுக்குக் கவிதாவைக் கேட்டார். கவிதா மறுத்துவிட்டாள். போதாதா?

"இனி இந்தப் பக்கமே வராதன்னு சொல்லிட்டேன்" என்றார் லெட்சுமி.

அவர்கள் வீட்டு வழக்கப்படி, நிச்சயத்தன்று முதல் தட்டைப் பெண்ணின் அத்தைதான் தூக்க வேண்டும். கவிதாவுக்கு ஒரே அத்தை. லெட்சுமியின் கணவர் மூன்று நாளாக மனைவியிடம் பேசவில்லை.

போய் உட்கார்ந்தேன். செய்தி அறையில் பழகியது ஒன்று உண்டு... சந்தேகப்படும் பெயரை முதலில் மறந்துவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களைப் பார்த்தேன். எது எந்தத் தேதியில் ஏறியது, திறந்ததும் தானாகக் கிளம்புவது எது, பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருப்பது என்ன, வெளியிலிருந்து திரையைப் பார்க்க ஏதாவது வழி இருக்கிறதா... கடைசியில் முழு ஸ்கேன். ஒன்றரை மணி நேரம். இரண்டு தடவை கோப்பி வந்தது.

ஒரு ஜாதக சாப்ட்வேர். யாரும் விளையாடாத இரண்டு கேம். அவ்வளவுதான்.

"சுத்தமா இருக்கும்மா."

லெட்சுமியின் முகம் விழுந்துவிட்டது. "இன்னொரு தடவ பாருங்கண்ணே. ஏதாச்சும் ஒன்னு இருக்கணும்லா."

இருக்கணுமாம்! ஸ்பைவேர் தேடச் சொல்லி வருபவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். தீர்ப்பை எழுதி முடித்துவிட்டுத்தான் சாட்சி தேடுகிறார்கள்.

போனைக் கேட்டு வாங்கினேன். நம் வாட்ஸ்அப் வேறு எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று அதிலேயே ஒரு பட்டியல் உண்டு. இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்று எங்கள் முன்னால் இருப்பது. மற்றது கடைசியாக இயங்கிய நேரம், அன்று காலை 10.40. அந்த நேரத்தில் லெட்சுமி கோப்பியோடு என் பக்கத்தில் நின்றிருந்தார்.

வேறெங்காவது திறந்தீர்களா என்று கேட்டேன்.

"கார்டு அடிக்கப் போனப்ப..."

கரங்கானில் ஓர் அச்சகம். அழைப்பிதழுக்கான போட்டோவை இறக்கிக்கொள்ள, கடைக் கம்ப்யூட்டரில் லெட்சுமியின் வாட்ஸ்அப்பைத் திறந்தார்கள். யாரும் மூடவில்லை. சுங்கைப் பட்டாணியில் அச்சகமா இல்லை? இருக்கிறது. ஆனால் அந்தக் கடை சம்பந்தியம்மாவின் தம்பியுடையது. சம்பந்தம் பேசியபின் அவர்கள் ஆளுக்குத்தானே ஆர்டர் கொடுக்க வேண்டும்? அதுதானே மரியாதை?

மரியாதைக்காகப் போய், வீட்டுச் சாவியையே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

பட்டியலில் அந்தக் கம்ப்யூட்டரைத் தட்டி வெளியேற்றினேன். ஒரு விநாடி வேலை. கார் நம்பரை எடுத்துவிட்டுப் புது பாஸ்வேர்டு வையுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எழுந்தேன்.

லெட்சுமி எழவில்லை. "அண்ணே... கம்ப்யூட்டர்ல ஏதோ வைரஸ் இருந்துச்சுன்னு வசந்தாகிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்."

"இல்லாதத எப்படிம்மா சொல்றது?"

"வசந்தா மேல நான் சொன்னேனே" என்றார்.

மறுநாள் கணவரும் மனைவியும் வெற்றிலைத் தட்டோடு கோத்தா கோலா மூடாவுக்கு, முறையாக அழைக்கப் போனார்கள். கவிதா மாப்பிள்ளையிடம் நேராகவே சொல்லிவிட்டாள். அவர் மாமா கடைக்குப் போய்ப் பேச வேண்டியதைப் பேசினாராம். கல்யாணக் கார்டு வேறு கடையில் என்று முடிவாயிற்று. இருபத்தொரு தட்டு பதினொன்றானது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

நிச்சயத்தன்று முதல் தட்டைத் தூக்கியவர் வசந்தா. சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். அண்ணி மன்னிப்புக் கேட்டாரா என்று விசாரித்தேன். பழைய நிருபர் புத்தி.

"அதெல்லாம் கேக்கலண்ணே. வெத்தலைக்கு அடியில ஒரு பேப்பர மடிச்சு வெச்சிருந்தாங்க. கம்ப்யூட்டரோட புது பாஸ்வேர்டு. எங்க அண்ணனுக்கே இன்னும் சொல்லலையாம்."

யாரிடமும் சொல்லாதீர்கள் என்றுதான் நான் சொல்லியிருந்தேன்.