ஃபைட்டருக்கு ஒரு துணை

மீன்தொட்டியை எங்களுக்குத் தந்தது நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா. அவருடைய மகன்மார் வளர்ந்து, மீனில் ஆசை விட்டுப்போய், தொட்டி பல்கனியில் பசளைப் பை வைக்கும் இடமாகக் கிடந்தது. "உன் மகளுக்குக் கொண்டு போ" என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது எனக்கு இத்தாலிய மொழியில் ஓம், நன்றி இரண்டும்தான் தடக்காமல் வரும். இரண்டையும் சொன்னேன்.

அன்று பின்னேரம் நானும் என் கணவரும் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பலெர்மோ நகரின் பல்லாரோ சந்தைக்குள்ளால் நடந்தோம். எங்கள் வீடு அல்பெர்கேரியாப் பகுதியில், சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடி. மீன் விற்பவர்கள் எல்லாரும் வெறும் தொட்டியைக் காட்டி, உங்கள் சரக்கு எங்கே என்று கத்திக் கேட்டார்கள். இவர் நின்று நின்று சிசிலிய மொழியில் பதில் சொன்னார். எனக்குக் கை விட்டுப்போனது.

"கண்டறியாத மீன் வளர்ப்பு. ஊரிலை மீனை எங்கை வைச்சனாங்கள்? சட்டியிலை" என்றேன்.

"சும்மா வாரும். பிள்ளைக்கு."

பிள்ளைக்கு என்று சொன்னால் என்னிடம் எதிர்க்கதை இல்லை என்று அவருக்குத் தெரியும்.

இவர் பலெர்மோவுக்கு வரும்போது மகள் தவழவும் தொடங்கவில்லை. நானும் அவளும் வந்து சேர ஆறு வருடம் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் அவளுக்கு அப்பா என்பது சுவரில் தொங்கிய ஒரு படம். அந்தப் படத்துக்கு அடர்ந்த மீசை, தலை நிறைய மயிர். பள்ளிக்கூடம் போகுமுன் படத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவாள். விமான நிலையத்துக்கு எங்களைக் கூட்டிப்போக வந்தவருக்கு மீசையும் இல்லை, மயிரும் பெரிதாக இல்லை. மகள் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு என் சேலைக்குப் பின்னால் போய்விட்டாள்.

மாதங்கள் போயும் அவள் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை. "அம்மா, அவரைச் சாப்பிட வரச் சொல்லுங்கோ" என்பாள். அவர் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பார். நான் அவர் பக்கம் திரும்பி, "சாப்பிட வரட்டாம்" என்பேன். அவர் கதிரையை அரை அடி முன்னால் இழுப்பார். மீசையைத் திரும்ப வளர்த்தும் பார்த்தார். அது பாதி வெள்ளையாக வந்தது. படத்தில் இருந்த ஆளின் தகப்பன் மாதிரி இருந்தார்.

"எப்பவாவது கூப்பிடுவாள்தானே?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"பிள்ளைதானே, பழகுவாள்" என்றேன். சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை.

வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர் தடித்த கண்ணாடி போட்ட மனிதர். முதல்தரம் போனபோது ஒரு மீனும் தரமாட்டேன் என்றார். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மோட்டரைப் போட்டு, சில கிழமைகள் மீன் இல்லாமலே ஓடவிட வேண்டுமாம். மீனுக்கு ஏற்றதாகத் தண்ணீர் பழுக்க வேண்டுமாம். ஆளில்லாத அந்தக் கண்ணாடி வீட்டுக்கு இவர் காலையும் மாலையும் லைட் போட்டு நிறுத்தினார். அந்தத் தவணை முடிந்த அன்று, நல்ல நேரம் பார்த்து, தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பால் காய்ச்சினார். புது வீடுதானே என்றார். எல்லாரும் குடித்தோம். ஒரு கரண்டி பாலைத் தொட்டிக்குள் விடப்போன கையை நான் எட்டிப் பிடித்தேன்.

அந்தச் சனிக்கிழமை மூன்று பேருமாக மீன் எடுக்கப் போனோம். இவர் ஒவ்வொரு மீனாகக் காட்டிக் காட்டிச் சாதகம் கேட்டார். கடைக்காரர் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னார், கலியாணத் தரகர் மாதிரி.

"தங்கமீனுக்குக் குளிர்த் தண்ணி வேணுமாம். மற்றவைக்குச் சூட்டுத் தண்ணி. சரிவராது."

"உந்த ஏஞ்சல் மீன்? பாத்தால் நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி இருக்கு" என்றேன்.

"வளர்ந்தால் சின்னனுகளை விழுங்குமாம்."

"ஐயோ, வேண்டாம்."

நியோன் என்ற சின்ன மீன்கள் சாதுவானவை, ஆனால் கூட்டமாக எடுக்கவேண்டும், ஒன்றிரண்டு என்றால் பயத்திலேயே செத்துப்போகும் என்றார் கடைக்காரர். எடுத்தோம். அடியில் மேய்ந்து துப்புரவாக்கும் மீசைக்காரர் சிலரையும் எடுத்தோம். அவர்களால் ஒருவருக்கும் கரைச்சல் இல்லையாம். எங்களுக்கும் இப்படிப் பொருத்தம் பார்த்துத்தான் கட்டிவைத்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்று ஆறு வருடம் இருப்போம் என்று சாத்திரியார் சொல்லவில்லை.

மகள் தொட்டி தொட்டியாகப் பார்த்துக்கொண்டு போனாள். பிறகு விரலை நீட்டினாள். சின்னக் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில், சேலைத் தலைப்பு மாதிரி வாலை விரித்துக்கொண்டு, ஒரு நீல மீன் தனியாக நின்றது. ஃபைட்டர். அது இந்தக் கூட்டத்தோடு இருக்கும், ஆனால் தன் இனத்தில் இன்னொன்றைக் கண்டால் கொன்றுபோடும் என்றார் கடைக்காரர். பொம்பிளையைப் போட்டாலும் நிம்மதி இல்லையாம்.

"இதுக்குத் தன்ரை ஆக்கள் ஒருத்தரும் வேண்டாமாம்" என்று இவர் மொழிபெயர்த்தார். சொல்லும்போதே முகம் ஒருமாதிரிப் போனது.

வீட்டில் எல்லா மீனும் சமாதானமாக இருந்தன. மகள் பள்ளிக்கூடத்தால் வந்தால் தொட்டிக்கு முன்னால்தான். இவர் ஓர் அடி தள்ளி நின்று அவளையும் மீனையும் பார்ப்பார். நான் சமைத்தபடி மூன்று பேரையும் பார்ப்பேன். நீல மீன், எங்கள் நீலன், ஒரு மூலையில் இலைக்குப் பின்னால் நிற்பான்.

"பாரும், கதைக்க ஆளில்லாமல் நிக்குது" என்றார் இவர்.

"மீன் கதைக்கிறேல்லை."

"வேலையாலை வந்து கதவைத் திறந்தால் அறைக்குள்ளை ஒருத்தரும் இல்லை. அது எப்பிடியெண்டு உமக்குத் தெரியாது."

கறிக்கு உப்புப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை இவர் ஒரு பிளாஸ்டிக் பையுடன் வந்தார். உள்ளே ஒரு சிவப்பு ஃபைட்டர். பழைய கடைக்காரர் தரமாட்டார் என்று தெரிந்து, ஒரேத்தோ வீதிப் பக்கம் வேறு கடைக்குப் போயிருக்கிறார். வீட்டில் வேறு மீன் இல்லை என்று அங்கே சொல்லியிருக்கிறார். ஆறு வருடத்துக்கு மேல் இந்த ஊரில் ஒரு பொய்யும் சொல்லாமல் வேலை செய்த மனுசன்.

மகள் பையைப் பார்த்தாள். "அம்மா, கடைக்காரர் வேண்டாமெண்டு சொன்னவரெல்லோ. அவருக்குச் சொல்லுங்கோ."

"கடைக்காரர் வேண்டாமெண்டவராம்" என்றேன்.

"கடைக்காரன் மனிசி பிள்ளையளோடை இருக்கிறவன். அவனுக்கென்ன தெரியும்?"

ராகு காலம் கழியும்வரை காத்திருந்தார். பிறகு பையை அவிழ்த்து மெதுவாக விட்டார். சிவப்பு கீழே போனது. நீலன் இலைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். இரண்டும் செவுளை விரித்துக்கொண்டு முகத்துக்கு முகம் நின்றன.

"பாத்தியளோ? கதைக்கினம்" என்றார் இவர்.

அந்தக் கதை அவ்வளவோடு முடிந்தது. நீலன் பாய்ந்தான். சிவப்பின் வாலில் ஒரு துண்டு பிய்ந்து மிதந்தது. நியோன்கள் ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டன.

"அப்பா!" என்று மகள் கத்தினாள். "எடுங்கோ அப்பா! கொல்லப்போகுது!"

இவர் அசையவில்லை. கையில் வெறும் பை, அதிலிருந்து தண்ணீர் காலில் சொட்டுகிறது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தொட்டியைப் பார்க்கவே இல்லை, அவளைத்தான் பார்த்தார். உள்ளே கொலை நடக்கிறது, இந்த மனுசன் சிரிக்கிறார்.

"அப்பா, எடுங்கோவன்!"

அந்தச் சொல்லை அவர் இன்னொருதரம் கேட்க ஆசைப்பட்டு நிற்கிறார் என்று எனக்கு விளங்கியது. ஆனால் ஒரு உயிர் போகப்போகிறதே. தேத்தண்ணி வடியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ச் சிவப்பைக் கோரி, தக்காளிச் சாறு வந்த பெரிய போத்தலில் தொட்டித் தண்ணீரோடு விட்டேன். நல்லகாலம், கழுவிய போத்தல்.

சிவப்பு கிழிந்த வாலோடு போத்தலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. இவர் குந்தியிருந்து அதைப் பார்த்தார். மகளும் பக்கத்தில் வந்து குந்தினாள். முதல்தரமாக இரண்டு பேருக்கும் நடுவில் நான் இல்லை.

"தனிய இருந்தால் இதுக்கு ஒண்டும் செய்யாதோ, குஞ்சு?" என்று கேட்டார். அவளைத்தான் கேட்டார், என்னையில்லை.

"இது தனிய இருக்கிற மீன், அப்பா. இதுக்கு அது பழக்கம்."

"நானும் எனக்குப் பழக்கமெண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றார்.

மகள் இன்னும் கொஞ்சம் கிட்ட அரக்கி இருந்தாள். நான் அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டேன். வீட்டில் ஒரு வடிதான் இருந்தது. கழுவி, அதாலேயே வடித்தேன்.

"அப்பா, தேத்தண்ணி குடிக்க வரட்டாம்" என்று மகள் அவரிடம் சொன்னாள். அவர் குடித்துவிட்டு, நல்லாயிருக்கு என்றார்.