கப்பலில் இறந்த தம்பியை வீட்டுக்கு அழைத்து வந்தோம்

வாக்குமூலம் கொடுப்பவரின் மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை வைத்தே விசாரிக்க வேண்டும். துறைமுக அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு இந்த விதி மனப்பாடம். மனநோய் மருத்துவருக்கு அது பொருந்தாது போலும். பர்மிய மொழி மட்டுமே பேசும் என் தம்பி மனைவி மா கின்னைத் தமிழில் கேட்டார், ஆங்கிலத்தில் கேட்டார். அவள் கதவையே பார்த்திருந்தாள். அடுத்த வாரம் வார்டில் சேர்க்கும்படி எழுதிவிட்டார்.

அது 1966. ரங்கூனிலிருந்து வந்த கப்பலில் தம்பி இறந்து, கடலிலேயே அடக்கமானான். ராயபுரத்தில் என் வீட்டுக்கு வந்த நாள் முதல் அவள் தூங்கவில்லை. தன் சோற்றை வாசலில் வைத்துவிட்டுத் தெருவையே பார்த்திருப்பாள். எலும்பாகிவிட்டாள். அந்த வார்டின் கம்பிக்கதவை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே போனால் திரும்பமாட்டாள்.

மொழிபெயர்ப்பாளர் கேட்டு மேலிடத்துக்கு மனுப் போட்டேன். செவ்வாய்க்கிழமை கோவிலில் புனித அந்தோணியாரிடமும் போட்டேன். இரண்டு இடத்திலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

கோவில் வாசலில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் ராக்கு என் வீடுவரை பின்னாலேயே வந்தாள். வியாசர்பாடியில் குடியேறிய பர்மா அகதி. அதற்குள் மதராஸ் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீ அழுதுகினு வேண்டுனது எனக்கே கேட்டுது சார். நான் பேசிப் பாக்குறேன்."

இலவசமாக உதவ வருபவர்களை எனக்குத் தெரியும். பீரோவைப் பூட்டினேன். அகதி அட்டையைக் காட்டச் சொன்னேன்.

"இன்னா சார், அந்தோணியாரையும் அட்டை கேட்டுதான் கும்பிட்டியா?" என்றபடி மா கின் அருகே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

பேசினார்கள். மா கின் முதல்முறையாக அழுதாள்.

"இது பைத்தியம் இல்ல சார். செத்தவன் ஆவி ஏழு நாளு வூட்டாண்ட இருக்குமாம். அப்பால சோறு போட்டு அனுப்பணும். உன் தம்பிக்கு இந்த வூடு தெரியாதே, கடல்லயே சுத்திகினு கீறான்னு பயப்படுது. வா, போய் இட்டுகினு வரலாம்."

பங்குச் சாமியாரைக் கேட்கவில்லை. எங்கே அனுமதி கேட்கக் கூடாது என்பதும் விதி தெரிந்தவனுக்குத் தெரியும். துறைமுகச் சுவரோரம் நின்று மா கின் அவன் பெயரைக் கூப்பிட்டாள். கல்மண்டபம் வழியாக, கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். திருப்பத்தில் நானும் சொன்னேன், தமிழில்: "இடது பக்கம் வாடா."

அழைத்து வந்த ஏழாம் நாள் ராக்குவின் சனத்துக்குச் சோறு போட்டோம். மா கின்னும் சாப்பிட்டாள். தூங்கினாள். மறுபடி மருத்துவரிடம் போனபோது ராக்கு மொழிபெயர்த்தாள். வார்டு வேண்டாம் என்று அவரே அடித்து எழுதினார்.

அடுத்த செவ்வாய் ராக்கு இன்னொருத்தியைக் கூட்டிவந்தாள். எங்கள் சங்கம் என் வாசற்படியில் அப்படித்தான் தொடங்கியது. மனம் உடைந்து வரும் பர்மாக்காரரை முதலில் அவர் மொழியில் கேட்கிறோம். பிறகு மருத்துவரிடம் துணைக்குப் போகிறோம். மா கின்தான் இப்போது முதலில் கேட்பவள். பீரோவைப் பூட்டுவதில்லை.

அந்தோணியார்தான் அனுப்பினார் என்று நம்ப எனக்கு நாளாயிற்று. சகோதரரே, சந்தேகத்தோடாவது மண்டியிடுங்கள். அவர் அட்டை கேட்பதில்லை.

மேலிடத்துப் பதிலும் வந்தது: மொழிபெயர்ப்பாளரை நியமிக்க விதியில் இடமில்லை. வந்த நாள், எழுபத்தோராம் ஆண்டு, சீடர்கள் பேசியதை எல்லா நாட்டாரும் தத்தம் மொழியில் கேட்ட பெந்தகோஸ்து திருநாளுக்கு மறுநாள், திங்கட்கிழமை.