செவ்வாய்க் கிரகத் தலைவியும் வால்வு திறப்பவரும்

போன வாரம் இந்த மின்னஞ்சல் குழுவில் என் கதையைக் கிழித்துத் தோரணம் கட்டிய நண்பர்களுக்கு.

"செவ்வாய்க் கிரகத்தையே ஆளும் தலைவி, தண்ணீர் திறந்துவிடும் ஆளிடம் போய் நயந்து பேசுவாளா? ஓர் உத்தரவு போட்டால் போதாதா? நம்பும்படி இல்லை" என்றீர்கள்.

இன்று அவிநாசியிலிருந்து பஸ்ஸில் வந்தேன். பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா. போன தேர்தலில் ஜெயித்த பஞ்சாயத்துத் தலைவியாம். விடுவேனா? முழுக் கதையையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை.

"உத்தரவு போட்டா, வால்வு ரிப்பேருங்கன்னு சொல்லிப்போட்டு அந்தாளு ஊட்டுக்குப் போயிருவாருங்க. நானே தெனமும் 'ஏனுங்க, சாப்புட்டீங்களா'ன்னு கேட்டுத்தான் மேட்டு வீதிக்குத் தண்ணி உடச் சொல்றேன்."

பிறகு அவரே கேட்டார்: "ஏனுங்க அம்மணி, உங்க கதையில அந்தத் தலைவி ஊட்டுக்கு எப்பத் தண்ணி வருமுங்க?"

"எல்லாருக்கும் வந்த பிறகு, கடைசியாகத்தான்" என்றேன்.

"அப்ப அவங்க நெசமாலுமே தலைவிதானுங்க."

காந்திபுரத்தில் இறங்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

விமர்சனங்களை இன்னும் வரவேற்கிறேன். ஆனால் உங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவரின் பெயரை முதல் வரியில் எழுதிவிட்டு, அப்புறம் தொடங்குங்கள்.