கவிதாவின் அணிக்காக ஏலம் கேட்டேன்

இன்று பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில் எங்கள் ஃபேன்டஸி ஃபுட்பால் லீக்கின் வருடாந்திர ஏலம்; நிஜ ஆட்டக்காரர்களை ஏலம் கேட்டு ஆளுக்கொரு கற்பனை அணி அமைப்போம்.

போன சீசன் சாம்பியன் என் மனைவி கவிதா. இப்போது அவள் இல்லை. அவள் அணியைக் கலைத்துவிடலாமா என்று நண்பர்கள் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். நானே எடுத்து நடத்துகிறேன் என்றேன்.

எனக்கு வேண்டாத ஸ்ட்ரைக்கர் ஒருவனுக்கு, உயிரே அவன்தான் என்பதுபோல் விலையை ஏற்றினேன். நண்பன் சுரேஷ் விடவில்லை. அணிக்குச் செலவிட அவனுக்கிருந்த சம்பள வரம்பில் பெரும்பகுதி அதிலேயே போனது.

அடுத்து, நான் நிஜமாகவே விரும்பிய மிட்ஃபீல்டர். போட்டிக்கு வரக்கூடியவன் சுரேஷ் ஒருவன்தான். அவனிடம் போதிய மிச்சமில்லை. மலிவாக அள்ளினேன்.

"டேய், இது கவிதா செய்யிற வேலைலா! உனக்கு எப்படி வந்துச்சு?" என்றான் சுரேஷ்.

"வீட்டுல என்னையே அப்படித்தான் ஏமாத்துவா, பாஸ்."

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேனாம். சுரேஷ் சொல்கிறான்.

அணி உரிமையாளர் பெயர் கவிதாதான். லீக் நண்பர்களே, ஆட்சேபணை இருந்தால் கீழே கமென்ட்டில் எழுதுங்கள், அவளை ஒருமுறை ஜெயித்துவிட்டு.