ஆறு குமிழ்க் கல்லை என்னிடம் கொடுத்த கை

முதலில் யார் யார் இருந்தோம், எங்கெங்கே உட்கார்ந்திருந்தோம் என்று எழுதிவிடுகிறேன். பிறகு எவரும் வந்து, ‘நீ கனவு கண்டிருப்பாய்’ என்று சொல்லக் கூடாது.

இடம், அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் உள்ள கல் அறை. ஜன்னல் கிடையாது. நடுவில் வட்ட மேசை, சுற்றி ஐந்து நாற்காலிகள். கதவுக்கு முதுகைக் காட்டி நான். பத்தொன்பது வருடமாக அந்த அறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. என் வலப்பக்கம் தலைமைக் காப்பாளர், என் மேலதிகாரி. எனக்கு எதிரே பேராசிரியர் அம்மா. மேசைமேல் இருந்த கல்லை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தவர் அவர்தான். என் இடப்பக்கம் புகைப்படக்காரர். ஆனால் அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலி. அதை மேசைக்கடியில் முழுக்கத் தள்ளி வைத்திருந்தேன். நானே தள்ளினேன். இது நினைவிருக்கட்டும்.

இது உண்மையில் நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். யார் காலிலும் விழுந்து நம்பச் சொல்லப் போவதில்லை.

கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைக்குள் அடங்கும் உருண்டை. சுற்றிலும் ஆறு குமிழ்கள், ஒன்றுபோல் ஒன்று. எழுத்து தெரியாத காலத்து மனிதர்கள் கல்லாலேயே கல்லைத் தேய்த்துச் செய்தது. எதற்கு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அன்றைக்கும் அதில்தான் வாக்குவாதம்.

“எடைக்கல்லுதான். இதுல என்ன சந்தேகம்?” என்றார் காப்பாளர்.

“எடைன்னா ஒண்ணுக்கொண்ணு கணக்கு ஒத்துப்போகணுமே சார். இதே மாதிரி கிடைச்ச எந்தக் கல்லும் ஒத்துப்போகலையே” என்றார் பேராசிரியர் அம்மா.

“கோபம் வந்தா எதிராளி மண்டையில போடறதுக்கு” என்றார் புகைப்படக்காரர்.

“மண்டையை உடைக்க ஆறு குமிழ் எதுக்குப்பா? சும்மா கிடக்கிற கல்லு போதாதா?” என்றார் பேராசிரியர் அம்மா.

எல்லாரும் சிரித்தோம். பிறகு அவர் தன் எண்ணத்தைச் சொன்னார். கூட்டமாக உட்கார்ந்து பேசும்போது, கல் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். பேசி முடித்ததும் அடுத்தவர் கைக்குப் போகும்.

“நம்ம அக்காவோட சட்டம் மாதிரி” என்று புகைப்படக்காரர் என்னைச் சீண்டினார்.

என் சட்டம் இதுதான். பல வருடங்களுக்கு முன் என் அறையில் ஒரு பழங்கல் கீழே விழுந்து உடைந்தது. வாங்கியவர் பிடித்துவிட்டார் என்று கொடுத்தவர் நினைத்தார். கொடுத்தவர் இன்னும் விடவில்லை என்று வாங்கியவர் நினைத்தார். அன்றிலிருந்து என் அறையில் எதைக் கைமாற்றினாலும், வாங்குகிறவர் “வாங்கிட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் கொடுக்கிறவர் விடக் கூடாது. எல்லாரும் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டிருக்க வேண்டும். கைபேசி வெளியே பூட்டிய அலமாரியில்.

ஆறரை மணிக்குப் புகைப்படக்காரர் எழுந்து நின்று எங்களைப் படம் எடுக்கப் பார்த்தார். முகத்தைக் கண்டால் சின்னக் கட்டம் போட்டுக் காட்டும் கேமரா அது.

“என்னக்கா இது... மூணு பேருக்கு நாலு கட்டம் காட்டுது.”

“நாலாவது எங்கே?”

அவர் காலி நாற்காலியைக் காட்டினார்.

“பேட்டரியைப் பாருங்க” என்றேன். அவர் கேமராவை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எல்லாரும் சிரித்தோம்; பேராசிரியர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கல்லைக் கையில் எடுத்தார்.

“சூடா இருக்கே...”

ஆறு நாற்பதுக்கு மின்சாரம் போனது.

அவசர விளக்கு தானாக எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. புகைப்படக்காரர் கேமராவைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அதுவும் உயிர் பெறவில்லை. கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்றே தெரியாத இருட்டு.

“யாரும் எழுந்திருக்காதீங்க. கல்லு பத்திரம். பெட்டி என்கிட்ட இருக்கு, கைமாத்தி இங்கே அனுப்புங்க” என்றேன்.

“இந்தாப்பா” என்றார் பேராசிரியர் அம்மா.

“வாங்கிட்டேன்” என்றார் புகைப்படக்காரர். “இந்தாங்க அக்கா.”

காலி நாற்காலிக்கு மேலாக இரண்டு கைகளையும் நீட்டினேன்.

ஒன்றும் வரவில்லை.

“குடுங்க” என்றேன்.

“குடுத்துட்டேனே.”

“யார்கிட்ட?”

“உங்ககிட்டதான். வாங்கிட்டேன்னு மெதுவா சொன்னீங்களே...”

“நான் வாயே திறக்கல.”

வலப்பக்கம் காப்பாளர் மூச்சு விடுவது கேட்டது. இடப்பக்கம் நாற்காலிக் கால் தரையில் உரசியது... க்ர்ர்ர்... நின்றது. மறுபடியும்... க்ர்ர்ர்...

ஈர மண் வாசனை.

பிறகு கல் என் உள்ளங்கையைத் தொட்டது.

நான் பிடித்தேன். இழுத்தேன். வரவில்லை.

கல்லுக்கு அடியில் விரல்கள் இருந்தன. கையுறை இல்லாத விரல்கள். சில்லென்று... பிசுபிசுவென்று...

இழுத்தேன்.

விடவில்லை.

விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் விட்டால் கல் விழும். என் அறையில் இன்னொரு கல் விழக் கூடாது.

பயம் போய்க் கோபம் வந்தது.

“யாரா வேணும்னாலும் இரு. இது என் அறை. கல்லைக் குடு” என்றேன்.

விடவில்லை.

அப்போதுதான் உறைத்தது.

அது என் சட்டப்படி நடக்கிறது.

நெஞ்சை நிமிர்த்தினேன். அறை அதிரச் சொன்னேன்.

“வாங்கிட்டேன்!”

ஒரு விரல் விலகியது.

இன்னொன்று...

இன்னொன்று...

கல்லின் முழுப் பாரமும் என் கைக்கு வந்தது.

ஆறு நாற்பத்தேழுக்கு விளக்கு எரிந்தது. மூன்று பேரும் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள். அவர்கள் கையுறைகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. நடு நாற்காலி வெளியே இழுபட்டு, என் பக்கம் திரும்பியிருந்தது. கல்லின் அடியிலும் என் வலக் கையுறையிலும் செம்மண் விரல் தடங்கள். ஐந்து.

மறுநாள் காலை காப்பாளர் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள். ‘கையுறை அணியாமல், அழுக்குக் கையால் கல்லைத் தொட்டுவிட்டேன்.’ அடியில் என் கையெழுத்துக்கு இடம்.

“போட்டுடுங்கம்மா. ஒரு கண்டிப்போட முடிஞ்சுடும். கல்லுல கறை எப்படி வந்ததுன்னு மேல கேட்டா நான் என்ன சொல்றது, பேய் வந்துதுன்னா?”

“நீங்களும்தானே சார் இருந்தீங்க?”

“இருட்டுல நான் என்னத்தைக் கண்டேன்?”

“மூச்சு வாங்கினது கேட்டுது சார். என் மூச்சு இல்ல, உங்க மூச்சு.”

அவர் முகம் சிவந்தது. “கையெழுத்து போடலைன்னா சாவியைக் குடுத்துடுங்க.”

புகைப்படக்காரரைத் தேடிப் போனேன். “வீட்டுல பயந்துடுவாங்கக்கா, என்னை விட்டுடுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. பயம் எல்லாருக்கும் உண்டு.

சாவியைக் கழற்றி வைத்தேன். கையெழுத்துப் போடவில்லை. செய்யாத தப்பைச் செய்தேன் என்று எழுத இந்தக் கை வளையாது. அந்தக் கையுறையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று மாலை பேராசிரியர் அம்மா போன் செய்தார். குரல் சரியில்லை.

“உங்களுக்கு ஒண்ணு தெரியணும்மா. அந்தக் கல்லு கிடைச்ச குழியில நான்தான் இறங்கினேன். உள்ளே நாலு எலும்புக்கூடு, வட்டமா உட்கார்ந்த மாதிரியே. ஒரு இடத்துல மட்டும் ஒரு ஆள் உட்கார்ற அளவுக்குக் காலி.”

“கல்லு?”

“காலி இடத்துக்குப் பக்கத்துல இருந்தவங்க கையில. அந்தக் காலி இடத்தைப் பார்த்து நீட்டின கை, நீட்டினபடியே. விரல் எலும்பு அஞ்சும் கல்லுக்கு அடியில. கையில மட்டும் செம்மண் பூச்சு... அவ்வளவு மண்ணு மேல விழுந்தும் விடலைம்மா. நான்தான் அந்த விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்தேன்.”

போனை வைத்தபின் வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை ஆயிரம் வருடம் ஒரு சொல்லுக்காக நீட்டியிருந்த கை... அந்தச் சொல்லைச் சொன்னது நான். அப்படியானால் அந்தக் காலி இடம் யாருடையது?

இருக்கட்டும். எடைக்கல்லோ, வேறெதுவோ, எனக்குத் தெரியாது. ஆனால் பேராசிரியர் அம்மா சொன்னதுதான் சரியென்றால், கல் என் கைக்கு வந்துவிட்டது. இப்போது பேச வேண்டிய முறை என்னுடையது. பேசாமல் இருக்க மாட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதினேன், முதல் வரியில் யார் எங்கே உட்கார்ந்தோம் என்பது தொடங்கி. ஒரு படி உங்களுக்கு. இன்னொரு படி அருங்காட்சியகக் குழுவின் தலைவருக்கு. அதனோடு கையுறையையும் உறைக்குள் வைத்தேன். அந்த ஐந்து தடங்களையும் என் விரல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். உறையை ஒட்டி, ஓரத்தில் அரக்கு வைத்து, அஞ்சலகத்துக்கு எடுத்துப் போனேன்.

கவுண்டரில் இருந்தவர் உறையின் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை.

“விடுங்கம்மா.”

“வாங்கிட்டேன்னு சொல்லுங்க.”

ஒரு மாதிரியாகப் பார்த்தார். “சரி... வாங்கிட்டேன்.”

விட்டேன்.